பழைய சஞ்சிகைகளை எறிவதற்கு முன்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வந்து தாய் தகப்பனின் வீட்டைத் துப்புரவாக்கும்போது முதலில் வெளியே போவது பேப்பர் கட்டுகள்தான். கறையான் அரித்தது, மழைத்தண்ணீர் பட்டது, அட்டை இல்லாதது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வளவின் மூலையில் எரித்துவிடுகிறார்கள். அல்லது கடலைச் சுருளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கட்டுகளுக்குள் ‘மல்லிகை’யும் ‘அலை’யும் ‘சிரித்திரன்’ இதழ்களும் கிடப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பிள்ளைகளைக் குறை சொல்லமுடியாது. அவர்களுக்கு அது பழைய பேப்பர். அது அந்த வீட்டுக்கு எப்படி வந்தது, யார் காசு கொடுத்தது, யார் சுமந்து வந்தது என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இலக்கியச் சஞ்சிகை என்று நாங்கள் சொல்வது கடைகளில் தொங்கும் வார இதழ் அல்ல. அதன் கணக்கே வேறு. சில நூறு பிரதிகள், அதிகம் போனால் ஓராயிரம். ஆசிரியருக்குச் சம்பளம் இல்லை, எழுதுபவருக்குப் பணம் இல்லை. விளம்பரம் என்றால் தெரிந்த புடவைக் கடைக்காரரோ நகைக் கடைக்காரரோ முகத்துக்காகக் கொடுப்பது. புத்தகக் கடைகளில் போட்ட பிரதிகளுக்குக் காசு திரும்பி வருவது அரிது. வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று மேடைக்கு அழைத்து என்வலப்பில் வாங்கும் பணம்தான் அச்சுக்கூடத்துக் கடனில் பாதியை அடைக்கும். மிச்சத்தை அடைப்பது சந்தா. ஆகவே ஒரு சஞ்சிகையின் உண்மையான சொத்து அச்சு யந்திரமோ அலுவலகமோ அல்ல, ஆசிரியரின் கொப்பியில் இருக்கும் சந்தாதாரர் முகவரிகள்தான். இதை விளங்கிக்கொண்டால் போர் எங்கள் சஞ்சிகைகளுக்கு என்ன செய்தது என்பதும் விளங்கும்.

ஈழத்தில் இந்த வழக்கம் நீண்டது. 1943இல் யாழ்ப்பாணத்தில் சில இளைஞர்கள் மறுமலர்ச்சிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வரதர் என்று எல்லோரும் அறிந்த தி. ச. வரதராசன், அ. செ. முருகானந்தன், அ. ந. கந்தசாமி போன்றவர்கள் அதில் இருந்தார்கள். 1946இல் ‘மறுமலர்ச்சி’ சஞ்சிகை வந்தது. இரண்டு வருடங்களுக்கு மேல் அது நிற்கவில்லை. ஆனால் எங்கள் ஊரையும் எங்கள் பேச்சையும் வைத்துக் கதை எழுதலாம் என்ற துணிவு ஒரு தலைமுறைக்கு அங்கிருந்துதான் கிடைத்தது. அதன் பிறகு சிற்பி சரவணபவனின் ‘கலைச்செல்வி’ 1958இல் தொடங்கி எட்டு வருடங்கள் வந்தது. அது நின்ற அதே 1966இல், ஓகஸ்ட் மாதம், ‘மல்லிகை’ தொடங்கியது.

மல்லிகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டொமினிக் ஜீவா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். சாதியின் பெயரால் பட்ட அவமானங்களை அவரே எழுதியிருக்கிறார். கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூன் அவருடைய குடும்பத் தொழிலகம். மல்லிகையின் ஆரம்ப அலுவலகமும் அதுவே. தலைமயிர் வெட்டிக்கொள்ள வந்தவர், பேராசிரியர், கட்சித் தோழர், கதை ஒன்றை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்த இளைஞன் என்று எல்லோரும் ஒரே வாங்கிலில் இருந்தார்கள். கோயிலுக்குள் நுழைவதற்கும் தேநீர்க் கடைக்குள் இருந்து தேநீர் குடிப்பதற்கும் ஒடுக்கப்பட்ட மக்கள் போராடிக்கொண்டிருந்த அறுபதுகளில், இலக்கியம் பேச வேண்டுமானால் ஒரு சலூனுக்குப் போகவேண்டும் என்ற நிலையை அந்த மனிதர் உண்டாக்கினார். அதன் அர்த்தம் அன்று யாழ்ப்பாணத்தில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது. விளங்கியதால்தான் பலர் வந்தார்கள், சிலர் வராமலே இருந்தார்கள்.

பிரதிகளைக் கையில் எடுத்துக்கொண்டு வீதி வீதியாகப் போய் விற்றதும் அவரேதான். வாழும் எழுத்தாளர்களின் படத்தை அட்டையில் போட்டார். யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்த எழுத்தாளர்களுக்காக நீர்கொழும்பு போன்ற ஊர்களின் பெயரில் சிறப்பிதழ் போட்டார். சிங்களக் கதைகளின் மொழிபெயர்ப்புகளையும் வெளியிட்டார். எழுபதுகளில் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது தமிழ்நாட்டு வணிக இதழ்களின் வரவு குறைந்தது. உள்ளூர்ச் சஞ்சிகைகளுக்கு அது நல்ல காலம். வாசிக்க வேறொன்றும் இல்லாததால் வாங்கினார்கள் என்று சிலர் இப்போதும் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் 1977க்குப் பிறகு இந்திய இதழ்கள் திரும்ப வந்தபோதும் மல்லிகை நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

1975இல் வந்த ‘அலை’ வேறு மாதிரியான இதழ். அ. யேசுராசாவும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது. 1990 வரை பதினைந்து வருடங்களில் 35 இதழ்கள் மட்டுமே வந்தன. மல்லிகை முற்போக்கு அணியின் பக்கம் நின்றது. அலை அந்த அணியின் இலக்கியப் பார்வையைக் கடுமையாக விமர்சித்தது. இரண்டு தரப்பும் எழுதிய கட்டுரைகளையும் வாசகர் கடிதங்களையும் இன்று எடுத்துப் பார்த்தால் சில இடங்களில் சிரிப்பு வரும், அவ்வளவு கோபம். ஆனால் அந்தச் சண்டை நடப்பதற்கு இரண்டு பக்கத்து இதழ்களையும் வாங்கி வாசிக்கின்ற சில நூறு பேர் தேவைப்பட்டார்கள். எங்கள் அப்பா இரண்டுக்கும் சந்தா கட்டியவர். மாற்றுக் கருத்தைத் தேடி வாங்கி வாசித்து, கோபப்பட்டு, மறுபடியும் சந்தா கட்டும் பழக்கம் பின்னாளில் எங்களிடையே எவ்வளவு அருகிப் போனது என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

போர் இந்த வலையை மூன்று விதமாக வெட்டியது.

முதலாவது நெருப்பு. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 வரையான நூல்கள் இருந்தன என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நூல்களுக்கு வேறிடங்களில் பிரதி இருக்கலாம். கட்டிவைத்த பழைய பத்திரிகைகளுக்கும் சஞ்சிகைகளுக்கும் பல வேளைகளில் வேறு பிரதி இல்லை.

இரண்டாவது தடை. 1990க்குப் பிறகு வடக்குக்குள் வரமுடியாத பொருட்களின் பட்டியலில் அச்சுக்குத் தேவையான பலதும் இருந்தன. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குக் கியூ, கடதாசி கிடையாது. அந்த வருடங்களில் பத்திரிகைகளும் மல்லிகையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகின. அந்த இதழ்கள் இன்றும் சில வீடுகளில் இருக்கின்றன. நீலக் கோடுகளுக்கு மேலே கறுப்பு எழுத்து, கோடும் வரியும் ஒன்றோடொன்று பொருந்தாது. அருங்காட்சியகத்தில் வைக்கவேண்டிய பொருள் அது. வன்னியில் இருந்த எங்களுக்கு யாழ்ப்பாணத்து இதழ் வருவதென்றால் கிளாலிக் கடலால் வரும் யாராவது கொண்டுவரவேண்டும். என் மாமா ஒருவர் சேட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்த இதழின் ஓரம் முழுக்க உப்புத் தண்ணீர் பட்டுச் சுருங்கிப் போயிருந்தது. அதை எங்கள் ஒழுங்கையில் குறைந்தது பத்து வீட்டார் வாசித்திருப்பார்கள்.

மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அது முகவரிகள் அழிந்தது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த முகவரிகள் ஒரே மாதத்தில் இல்லாமல் போயின. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே வீதியில் இறங்கியது. சந்தாக் கொப்பியில் இருந்த வீட்டு இலக்கத்தில் வீடு இருந்தது, ஆட்கள் இல்லை. பிறகு வீடும் இல்லை. கடதாசி இல்லாவிட்டால் கொப்பித் தாளில் அச்சடிக்கலாம். வாசகன் எங்கே என்று தெரியாவிட்டால் அச்சடித்து என்ன செய்வது?

மாத சஞ்சிகையாக 46 வருடங்கள் வந்த மல்லிகை 2012 முடிவில் நின்றபோது மொத்தம் 401 இதழ்கள் வந்திருந்தன. மாதம் ஒன்று என்று கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 150 மாதங்கள் குறைகின்றன. எல்லாவற்றையும் போரின் கணக்கில் எழுதமுடியாது, இணைந்த இதழ்களும் சாதாரணக் கையிறுக்கமும் உண்டு. ஆனாலும் அந்த இடைவெளிகளை ஊரின் இடப்பெயர்வு வரலாற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல விடயங்கள் தெரியும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஜீவா கொழும்புக்குப் போய் ஸ்ரீ கதிரேசன் வீதியில் இருந்து மல்லிகையை மறுபடி நடத்தினார். வாசகர்கள் போன வழியில் சஞ்சிகையும் போனது.

போர்க்காலத்தைப் பேசும்போது தடை போட்டவர்கள் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். அரசின் அவசரகாலச் சட்டமும் தணிக்கையும் ஒருபுறம். மறுபுறம் எங்களுடைய இயக்கங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்த கவிஞர் செல்வி ‘தோழி’ என்ற பெண்கள் சஞ்சிகையை நடத்தியவர். 1991 ஓகஸ்டில் விடுதலைப் புலிகள் அவரைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் அமெரிக்கப் பென் அமைப்பு அவருக்கு விருது கொடுத்தபோது வாங்குவதற்கு அவர் இல்லை. புலிகளின் கலை பண்பாட்டுக் கழகம் வெளியிட்ட ‘வெளிச்சம்’ இதழில் நல்ல கவிதைகளும் கதைகளும் வந்தன என்பதை மறுப்பதற்கில்லை. அதன் ஆசிரியர் கருணாகரன் பல இளைஞர்களை எழுத வைத்தவர். ஆனால் சுதந்திரமான சஞ்சிகை என்பது வேறு. அதில் வரும் ஒரு கட்டுரைக்காக ஆசிரியர் வீட்டுக்கு ஆள் வரக்கூடாது. அந்த அளவுகோலை வைத்தால் எங்கள் மண்ணில் நீண்ட காலத்துக்குச் சுதந்திரமான சஞ்சிகைக்கு இடம் இருக்கவில்லை. அக்காலத்தில் இடம் கிடைத்தது வெளியேதான். கொழும்பில் ‘சரிநிகர்’ பத்திரிகையின் இலக்கியப் பக்கங்களும், எம். பௌசர் நடத்திய ‘மூன்றாவது மனிதன்’ சஞ்சிகையும் தமிழ், முஸ்லிம் எழுத்தாளர்கள் ஒரே பக்கத்தில் முரண்படக்கூடிய இடங்களாக இருந்தன. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தின் ‘பெண்’ இதழ் வந்தது. மலையகத்துக்கு அந்தனி ஜீவாவின் ‘கொழுந்து’.

மற்றவர்கள் கடல் கடந்து போனார்கள். அகதி அந்தஸ்துக்குக் காத்திருந்த இளைஞர்கள், பகலில் உணவகங்களில் கோப்பை கழுவியவர்கள், இரவில் கையால் எழுதியும் தட்டச்சு செய்தும் சஞ்சிகை வெளியிட்டார்கள். ஜேர்மனியில் ‘தூண்டில்’, நோர்வேயில் ‘சுவடுகள்’, சுவிற்சர்லாந்தில் ‘மனிதம்’, பரிசில் ‘ஓசை’, பிறகு ‘எக்ஸில்’, ‘உயிர்நிழல்’ என்று பெயர்களை அடுக்கலாம். ரொறன்ரோவில் செல்வம் அருளானந்தம் 1990இல் தொடங்கிய ‘காலம்’ பல பத்தாண்டுகள் நிலைத்தது. ஊரில் இருந்த நாங்கள் பேசமுடியாத பலதை இவர்கள் பேசினார்கள். அதற்காக அங்கேயும் மிரட்டல் வாங்கினார்கள். இந்தச் சஞ்சிகைக்காரர்களும் வாசகர்களும் 1988இல் ஜேர்மனியில் கூடியதுதான் ‘இலக்கியச் சந்திப்பு’. பிறகு நாடு நாடாக நடந்த அந்தச் சந்திப்பின் 41ஆவது தொடர் 2013 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. இங்கே அதை நடத்தலாமா கூடாதா என்று பெரிய விவாதமே எழுந்தது. நடத்தியது சரி என்றே நான் நினைக்கிறேன்.

எழுதியவர்களையும் ஆசிரியர்களையும் மட்டும் சொன்னால் கதை பாதிதான். இ. பத்மநாப ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கவிதை, கதை எழுதிப் பெயர் பெற்றவர் அல்ல. இலங்கை நூல்களைத் தமிழ்நாட்டுக்கும் அங்கிருந்து நல்ல நூல்களை இங்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர். 1985இல் வந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ கவிதைத் தொகுப்பின் தொகுப்பாளர்களில் ஒருவர். லண்டனுக்குப் போன பிறகும் 1997 முதல் ‘கிழக்கும் மேற்கும்’, ‘இன்னுமொரு காலடி’ என்று பெரிய தொகுப்புகளைக் கொண்டுவந்தார். சிதறிப்போன முகவரிகளைத் திரும்ப ஒன்றாகக் கோர்த்தவர் என்றுதான் அவரைச் சொல்லவேண்டும். பெயர் வெளியே தெரியாமல் இதே வேலையைச் சிறிய அளவில் செய்த தபால்காரர்களும் ஆசிரியர்களும் வாசிகசாலைப் பொறுப்பாளர்களும் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார்கள்.

2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மறுபடி மூடப்பட்டது. குடாநாட்டில் சீனிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற காலம். சந்திகளில் காலையில் சடலங்கள் கிடந்த காலம். அப்படியான நேரத்தில், 2007 ஓகஸ்டில், வடமராட்சி அல்வாயில் இருந்து ‘ஜீவநதி’ வெளிவந்தது. அதன் ஆசிரியர் க. பரணீதரன் அப்போது இளைஞர். அந்த வருடம் யாராவது என்னிடம் சஞ்சிகை தொடங்கப்போவதாகச் சொல்லியிருந்தால் விசர் என்றுதான் சொல்லியிருப்பேன். அது போரையும் தாண்டி நூற்றைம்பதுக்கு மேற்பட்ட இதழ்களைக் கண்டது. கண்டியில் 2000ஆம் ஆண்டு தி. ஞானசேகரன் தொடங்கிய ‘ஞானம்’ தன்னுடைய 150ஆவது இதழை 2012இல் போர் இலக்கியச் சிறப்பிதழாகத் தடித்த நூல் போலக் கொண்டுவந்தது. மட்டக்களப்பில் வி. மைக்கல் கொலினின் ‘மகுடம்’ அதே வருடம் தொடங்கியது. 2022இல் டொலர் இல்லாமல் கடதாசி இல்லாமல் போய், பெரிய நாளிதழ்களே அச்சை நிறுத்தி, மாணவர்களுக்கான தவணைப் பரீட்சையைக்கூட ஒத்திவைத்தபோது சிறுசஞ்சிகைகளின் நிலைமையைச் சொல்லவேண்டியதில்லை. தாளின் விலை ஏறியது, தபால் கட்டணம் ஏறியது, சந்தாவை ஏற்ற ஆசிரியர்களுக்கு மனம் வரவில்லை.

இவ்வளவையும் சொன்னதால் இந்தச் சஞ்சிகைகள் எல்லோருடைய குரலையும் ஏந்தின என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குழுக்கள் இருந்தன. ஒருவருக்கொருவர் பாராட்டி எழுதிக்கொண்டவர்கள் இருந்தார்கள். பெண்களின் எழுத்து நீண்டகாலம் குறைவாகவே வந்தது. முகாமில் இருந்தவர்கள், காணாமலாக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மார் இவற்றில் பெரும்பாலும் கதையின் பாத்திரங்களாகவே வந்தார்கள், எழுதியவர்களாக அல்ல. இருந்தாலும் ஓர் ஊர்க்காரரின் ஒரேயொரு கவிதை, பிறகு எழுதாமலே செத்துப்போன ஒருவரின் முதல் கதை, ஆசிரியருக்கு வந்த ஒரு கடிதம் என்பவை புத்தகமாக ஒருநாளும் வராது. அவை இருப்பது அந்த இதழில் மட்டும்தான். எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் அப்பா சேர்த்த இதழ்கள் 2009 ஜனவரியில் விசுவமடுவில் விடப்பட்டன. அரிசி, தறப்பாள், அம்மம்மா ஆகிய மூன்றையும் கொண்டுபோக மட்டுமே சைக்கிள் போதுமானதாக இருந்தது. அப்பா அலையின் ஓர் இதழை மட்டும் சாரத்துக்குள் சுற்றி எடுத்துவந்தார். அதில் அவருடைய சிநேகிதர் ஒருவரின் கவிதை இருந்தது. அந்தச் சிநேகிதர் வலைஞர்மடத்தில் இறந்தார். அவருடைய பிள்ளைகளிடம் இப்போது அவரின் படம்கூட இல்லை. அந்தப் பக்கத்தின் நிழற்பிரதி இருக்கிறது.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் மல்லிகை, அலை உட்படப் பல நூறு சஞ்சிகைகளின் இதழ்களை இன்று யாரும் காசில்லாமல் வாசிக்கலாம். தன்னார்வலர்கள் வீடு வீடாக வாங்கி ஸ்கேன் செய்து ஏற்றியவை அவை. ஆனாலும் சில மாதங்கள், சில சமயம் முழு வருடங்கள் இல்லை. சிறிய ஊர்களில் இரண்டு மூன்று இதழோடு நின்றுபோனவை, றோணியோவில் அடித்தவை, வாசிகசாலைகளின் கையெழுத்துச் சஞ்சிகைகள் போன்றவற்றில்தான் இடைவெளி அதிகம். அவை எங்கேயாவது இருக்கிறதென்றால் வாசகர் ஒருவரின் வீட்டுப் பரணிலோ பழைய சூட்கேசிலோதான் இருக்கும்.

ஆகவே வீட்டைத் துப்புரவாக்குபவர்களுக்குச் சில விடயங்கள். கட்டை அவிழ்த்து முதலில் வெயில் நேரடியாகப் படாத காற்றோட்டமான இடத்தில் விரித்து வையுங்கள். ஈரத் தாளை வெயிலில் காயவிட்டால் நொறுங்கும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை இழுத்துப் பிரிக்கவேண்டாம். துருப்பிடித்த கம்பிகளை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிடுங்கள், ஸ்கொட்ச் டேப் ஒட்டவேண்டாம். ஏற்கனவே நூலகத்தில் இருக்கும் இதழ்தானே என்றும் எறியவேண்டாம், அங்கே உள்ளதில் பக்கங்கள் கிழிந்திருக்கலாம். பின் அட்டையில் ஒட்டிய முகவரித் துண்டையும் மாமாவோ சித்தப்பாவோ ஓரத்தில் எழுதிய குறிப்பையும் அழிக்காதீர்கள். அட்டை இல்லாவிட்டால் பரவாயில்லை. தலையங்கமோ, வாசகர் கடிதமோ, கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் அச்சுக்கூடத்தின் பெயரோ இருந்தால் அது எந்த இதழ் என்று கண்டுபிடிக்கக்கூடியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.